ஒளிரும் விரிகுடாவில் நீந்தச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில், கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்று, இரவில் படகேறி, ஒளிரும் நீரில் நீந்தி வரும் சுற்றுலாவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள் என்பதால் மிகுந்த ஆவலோடு படித்தேன். ஆனால் படித்து முடித்தபோது மனம் சங்கடப்பட்டது. வியேக்கஸ் தீவின் மொஸ்கிட்டோ விரிகுடாவில் படகிலிருந்து குதித்து நீந்துவதே அந்தப் பயணத்தின் உச்சம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த விரிகுடாவில் நீந்துவதற்குப் பல ஆண்டுகளாகவே தடை இருக்கிறது. அந்தத் தடை எதற்காக வந்தது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் கடலூரில் முப்பத்தோர் ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வசிக்கும் என் மகள், மருமகன், பன்னிரண்டு வயதுப் பேத்தி ஆகியோருடன் புவேர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்று வந்தேன். நிலவில்லாத இரவில்தான் இந்த ஒளி நன்றாகத் தெரியும் என்பதால் தை அமாவாசையை ஒட்டி நாட்களைக் குறித்தோம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் படகு நடத்துவோரில் பலர் படகே எடுப்பதில்லை. இந்த எளிய செய்திகூட அக்கட்டுரையில் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து முழுநிலவு நாளில் போய் நிற்கும் ஒரு குடும்பத்தின் ஏமாற்றத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

புவேர்ட்டோ ரிக்கோவில் ஒளிரும் நீர்நிலைகள் மூன்று இருக்கின்றன. கிழக்கே ஃபஹார்டோ நகரை ஒட்டிய லகூனா கிராண்டே ஒன்று. தென்மேற்கே லஹாஸ் வட்டாரத்தில் லா பர்கெரா என்னும் மீனவர் ஊரின் அருகில் இருப்பது இன்னொன்று. மூன்றாவது, கிழக்கே தனித் தீவாக இருக்கும் வியேக்கஸின் தென்கரையில் உள்ள மொஸ்கிட்டோ விரிகுடா; உலகிலேயே மிகப் பிரகாசமாக ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றிருப்பது இதுதான். முதலும் மூன்றாவதுமான இடங்களில் நீந்தக் கூடாது. சுற்றுலாப் படகில் சென்று நீரில் இறங்க அனுமதி இருப்பது லா பர்கெராவில் மட்டுமே. கட்டுரையாளர் மூன்று இடங்களையும் ஒன்றாகக் கலந்து, லா பர்கெராவில் கிடைக்கும் அனுபவத்தை மொஸ்கிட்டோ விரிகுடாவின் பெயரில் எழுதிவிட்டார் என்றே தோன்றுகிறது.

நாங்கள் முதலில் சென்றது லா பர்கெராவுக்குத்தான். இரவு ஏழரை மணியளவில் படகுத்துறையிலிருந்து ஒரு மோட்டார் படகு எங்களையும் சேர்த்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஏறுவதற்கு முன் படகு ஊழியர் ஒருவர் கொசுவிரட்டி மருந்துக் குப்பியை நீட்டினார். அது கைக்குக் கை மாறி, ஏறக்குறைய எல்லோரும் கைகால்களில் தெளித்துக்கொண்டார்கள். நாங்களும் தெளித்துக்கொண்டோம். இருபது நிமிடங்களில் விரிகுடாவை அடைந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, விரும்புவோர் இறங்கலாம் என்று அறிவித்தார்கள். உடம்பில் பூசிய மருந்தைக் கழுவிவிட்டு இறங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கழுவுவதற்கு நன்னீரும் படகில் இல்லை. ஒவ்வொருவராக ஏணியில் இறங்கினார்கள். என் பேத்தியும் மிதவைச் சட்டையுடன் இறங்கினாள்.

அந்தக் காட்சியின் அழகை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அவள் கையை அசைத்தபோது விரல்களின் இடையிலிருந்து நீலப் பொறிகள் உதிர்ந்தன. கையைத் தூக்கினால் முழங்கை வழியாக வழிந்த ஒவ்வொரு துளியும் ஒரு நொடி மின்னி அணைந்தது. நீருக்கடியில் மீன்கள் கலைந்து ஓடிய தடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. வாழ்நாள் முழுவதும் நுண்ணோக்கியின் கீழே பாசிகளைக் காட்டிப் பாடம் நடத்திய எனக்கு, அவை கோடிக்கணக்கில் ஒன்றுகூடி என் பேத்தியின் உடலின் வடிவத்தை இருட்டில் வரைந்து காட்டியதைப் பார்த்தபோது கண்கள் கலங்கின. ஆனால் படகு திரும்பும் வழியில்தான், நாங்கள் முப்பது பேரும் எதைப் பூசிக்கொண்டு எதற்குள் இறங்கினோம் என்ற எண்ணம் எழுந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நீரில் ஒளிர்வது பாஸ்பரஸ் அன்று. கட்டுரையில் அப்படி எழுதியிருப்பது பழைய பிழை. லா பர்கெரா விரிகுடாவுக்கே ஸ்பானிய மொழியில் 'பாஸ்பரஸ்போல் ஒளிரும் விரிகுடா' என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது என்பதால் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. ஒளியைத் தருவது பைரோடினியம் பஹாமென்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே இருக்கும் அது, பகலில் தாவரத்தைப் போல ஒளிச்சேர்க்கை செய்கிறது. இரண்டு கசையிழைகளால் நீந்தவும் செய்கிறது. பஹாமாஸ் தீவுகளில் நசாவ் நகருக்கு அருகே 'நெருப்பு ஏரி' என்று மக்கள் அழைத்த ஒரு நீர்நிலையில் இதைக் கண்டு 1906-ல் முதன்முதலாக அறிவியலுக்கு விவரித்தவர் லூட்விக் பிளாட்டே என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர்.

இந்த உயிரி தானாக விளக்கேற்றிக்கொண்டு நிற்பதில்லை. அதன் செல்சவ்வு ஏதேனும் ஒன்றினால் அழுத்தப்படும்போது, செல்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய பைகளில் அமிலத்தன்மை சட்டென்று கூடுகிறது. அங்கே காத்திருக்கும் லூசிஃபெரின் என்னும் பொருளும் லூசிஃபெரேஸ் என்னும் நொதியும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் நீல ஒளியை உமிழ்கின்றன. இதைத் தின்ன வரும் சிறு உயிரியை ஒளி திகைக்க வைக்கலாம். அல்லது அந்தச் சிறு உயிரியைத் தின்னும் மீனுக்கு அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கலாம் என்பது உயிரியலாளர்கள் தரும் விளக்கம். அதாவது நாம் கண்டு மகிழ்வது ஓர் உயிர் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் அபயக்குரல். மேலும், சேமித்து வைத்த பொருள் தீர்ந்துவிட்டால் அந்தச் செல் மறுநாள் பகலில் மீண்டும் உணவு தயாரித்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். துடுப்பு போட்டாலே ஒளிரும் நீரில், முப்பது பேர் கைகால்களை அடித்துக் கலக்குவது அதற்கு என்ன செலவு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரே உயிரி இவ்வளவு அடர்த்தியாக ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் தங்குவதற்குத் தனியான சூழல் வேண்டும். அதைப் புரிந்துகொள்ளப் பிச்சாவரத்தை அறிந்த நம் வாசகர்களுக்குச் சிரமம் இருக்காது. பிச்சாவரத்தின் சுரபுன்னை எந்தப் பேரினமோ அதே பேரினத்தைச் சேர்ந்த சிவப்பு அலையாத்தி மரங்கள் மொஸ்கிட்டோ விரிகுடாவைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. அவற்றின் இலைகள் நீரில் விழுந்து மட்கும்போது பாக்டீரியாக்களின் வழியாகக் கிடைக்கும் பி12 உள்ளிட்ட சத்துகள் இந்த உயிரிக்குத் தேவை. விரிகுடா ஆழமில்லாதது, நீர் வெதுவெதுப்பானது, கடலோடு அதைச் சேர்க்கும் வாய் மிகக் குறுகியது. அதனால் ஓதம் ஏறி இறங்கினாலும் உள்ளிருக்கும் உயிரிகள் மொத்தமாகக் கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதில்லை. ஆனால் எந்தக் குறுகிய வாய் இவற்றை உள்ளே காக்கிறதோ, அதே வாய்தான் நாம் கொட்டும் எண்ணெயையும் பூச்சுகளையும் விரைவில் வெளியேறவிடாமல் உள்ளேயே தேக்குகிறது. திறந்த கடலில் முப்பது பேர் கொசுவிரட்டியோடு குளிப்பதற்கும் மூடிய விரிகுடாவில் இரவுதோறும் பல படகுகளில் வருவோர் அவ்வாறு இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கொசுவிரட்டி, வெயில் காப்புக் களிம்பு, உடல் தைலம் ஆகியவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் இவ்வுயிரிகளுக்குக் கேடு என்பதே நீச்சல் தடைக்கு அங்கே சொல்லப்படும் முதல் காரணம்.

வியேக்கஸில் நாங்கள் கண்டது வேறு வகைச் சுற்றுலா. தை அமாவாசைக்கு மறுநாள் இரவு, எஸ்பெரான்சா என்ற சிற்றூரிலிருந்து கரடுமுரடான மண்பாதையில் வண்டியில் அழைத்துச் சென்று, அடிப்பாகம் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும் கயாக் படகுகளில் இருவர் இருவராக ஏற்றினார்கள். மோட்டார் கிடையாது. வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெண்மணி, படகு கிளம்பும் முன்பே நீந்தக் கூடாது என்பதையும் கைப்பேசி வெளிச்சம் கூடாது என்பதையும் சொல்லி, தன்னிடம் இருந்த ஒரே சிவப்பு விளக்கையும் பாதி வழியில் அணைத்துவிட்டார். அதன்பிறகு துடுப்பு விழும் இடங்களிலெல்லாம் நீர் தீப்பிடித்ததுபோல் இருந்தது. படகின் அடியில் எங்கள் பாதங்களுக்குக் கீழே ஒளி ஓடியது. நீரில் இறங்காததால் எதையாவது இழந்தோமா என்று பின்னர் என் பேத்தியிடம் கேட்டேன். லா பர்கெராவைவிட இங்கேதான் அதிகம் பார்த்தேன் என்றாள். அது உண்மை. லா பர்கெராவில் ஒளி மங்கல். கரையோர வீடுகளின் விளக்குகளும் பல ஆண்டுகளாக ஓடும் மோட்டார் படகுகளும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நீந்த அனுமதி இருக்கும் இடமும் ஒளி குன்றிய இடமும் ஒன்றாகவே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வியேக்கஸ் மக்களின் வரலாற்றையும் ஒரு பயணக் கட்டுரை ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்கக் கடற்படை அத்தீவின் பெரும்பகுதியைக் கையகப்படுத்தி, குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாக வைத்திருந்தது. 1999-ல் குறி தவறி விழுந்த குண்டுக்கு அக்களத்தில் பணியில் இருந்த உள்ளூர்க் காவலாளி ஒருவர் பலியானதைத் தொடர்ந்து எழுந்த மக்கள் போராட்டத்தின் விளைவாக 2003 மே 1 அன்று அங்கே பயிற்சி முடிவுக்கு வந்தது. அந்தப் பயிற்சியால் அம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. பிறகு அவர்களுக்குப் பிழைப்பு தரும் தொழில்களில் இந்த விரிகுடாவைக் காட்டும் தொழில் முக்கியமானது. விரிகுடா அணைந்தால் வழிகாட்டிகளின் அடுப்பும் அணையும் என்பதால்தான் விதிகளை அவர்களே முன்நின்று கடைப்பிடிக்கிறார்கள். அவர்களுடைய வீட்டு வாசலுக்கு வரும் விருந்தினர்களை, அங்கே செய்யக் கூடாது என்று அவர்கள் சொல்வதையே செய்யும்படி நம் பத்திரிகை தூண்டுவது முறையன்று.

இந்த ஒளி அணையக்கூடியது என்பது வெறும் அச்சமும் அன்று. 2013 நவம்பரில் ஃபஹார்டோவின் லகூனா கிராண்டே திடீரென்று இருண்டு, பல நாட்கள் அப்படியே கிடந்தது; காற்றா, மழைநீரா, அருகில் நடந்த கட்டுமானப் பணியா என்று அறிவியலாளர்களும் அரசும் ஆராய நேர்ந்தது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது மொஸ்கிட்டோ விரிகுடாவின் அலையாத்திகள் இலையுதிர்ந்து மொட்டையாயின, மழைநீர் புகுந்து உப்பின் அளவு மாறியது, ஒளி மறைந்தது. சுற்றுலாப் படகுகள் நிறுத்தப்பட்டன. சில மாதங்களுக்குப் பிறகு ஒளி திரும்பியதோடு, முன்பைவிடப் பிரகாசமாக இருந்ததாகவும் அங்குள்ளோர் மகிழ்ந்தார்கள். புயலில் விழுந்தது எழுந்துவிட்டது. ஆனால் புயல் ஆண்டுக்கொரு முறைகூட வருவதில்லை, நாமோ இரவுதோறும் போகிறோம்.

நீரில் இறங்கியே தீர வேண்டும் என்ற ஆசை பிழையானதென்று நான் சொல்லவில்லை. என் பேத்தியின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சி எனக்கு மறக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு லா பர்கெரா இருக்கிறது. ஜமைக்காவின் வடகரையில் ஃபால்மத் நகருக்கு அருகே, மார்த்தா பிரே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒளிரும் கழியிலும் படகில் சென்று இறங்க விடுகிறார்கள். ஆற்றின் நன்னீர் மேலேயும் கடலின் உப்புநீர் கீழேயும் அடுக்கடுக்காக நிற்கும் இடம் அது. அங்கும் அதே உயிரிதான். செல்பவர்கள் அன்று மாலை நன்றாகக் குளித்துவிட்டு, எதையும் பூசாமல், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டு போக வேண்டும். படகு நடத்துவோர் மருந்தை நீட்டினால் மறுக்க வேண்டும். மோட்டார் இல்லாத படகு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று நான் இவற்றில் எதையும் செய்யவில்லை. படித்தவளாக இருந்தும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றியும் ஒரு சொல். கேமராவின் கண்ணைப் பல நொடிகள் திறந்து வைத்து எடுக்கும் படங்களில், அத்தனை நொடிகளின் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்து, விரிகுடா முழுவதும் நீல விளக்கு எரிவதுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரிவது அப்படியன்று. நீர் கரியதாகவே இருக்கும், அசைவு உள்ள இடத்தில் மட்டும் ஒளி பூக்கும். இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால், அங்கே போனவர்கள் ஒளி போதவில்லை என்று எண்ணி நீரை இன்னும் கலக்கத்தான் முயல்வார்கள்.

இறுதியாக, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இத்தகைய இரவுப் படகுச் சுற்றுலாவைத் தொடங்கலாம் என்று கட்டுரையாளர் பரிந்துரைத்திருப்பதைப் பற்றி. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளிலும், 2024 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளிலும் அலைகள் நீலமாக மின்னியதைக் காணக் கூட்டம் திரண்டது உண்மைதான். ஆனால் அங்கே மின்னியது வேறு உயிரி. அதன் பெயர் நாக்டிலுகா. அது ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கி வாழ்வதில்லை. சத்துகள் மிகுந்த வேளையில் திடீரெனப் பெருகி, சில நாட்களில் மடிந்துவிடும். அப்படிப் பெருகி மடியும்போது நீரில் ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா கூடுகிறது. அதே 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை ஒட்டிய கடல் இந்த உயிரியால் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நீருக்குள், அதுவும் பகலிலேயே நீரோட்டத்தில் சிக்கி இளைஞர்கள் உயிரிழக்கும் அந்தக் கரையில், இருட்டில் மக்களை இறக்குவதற்கு மொஸ்கிட்டோ விரிகுடாவை முன்மாதிரியாகக் காட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது. அவ்வொளியை மணலில் நின்றே காணலாம். 2019-ல் சென்னையில் இருந்தபோது நானும் அப்படித்தான் கண்டேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு என் மகளின் தோழிகள் இருவர், வரும் டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளோடு வியேக்கஸ் செல்லத் திட்டமிட்டு, நீச்சலுடைகளை எடுத்துவைப்பதைப் பற்றி இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் போல் இன்னும் எத்தனை குடும்பங்களோ. ஆகவே மொஸ்கிட்டோ விரிகுடாவிலும் லகூனா கிராண்டேவிலும் நீந்த அனுமதி இல்லை என்ற திருத்தத்தை, கட்டுரை வெளிவந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கடலூர்.